சோடி நானாவின் வேன்

கண்டி மாவட்டம் முழுவதிலும் வாகன நெரிசலை விரும்பிய ஒரே மனிதர் சோடி நானாதான். காலை ஏழு மணிக்குக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் வரிசையாக நிற்கும் வாகனங்களில் எல்லாரும் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டு, முன்னால் நிற்பவனின் பரம்பரையையே திட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு வெள்ளை வேனிலிருந்து மட்டும் கைதட்டல் கேட்கும். முன்னால் நின்ற லொறி நகரத் தொடங்கினால் அந்த வேனுக்குள் பதினான்கு பிள்ளைகள் ஒரே குரலில் "ஐயோ" என்பார்கள். பதினைந்தாவது "ஐயோ" சாரதியுடையது.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. மடவளைக்காரர்; அங்குள்ள முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். வயது ஐம்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் இடையில் எங்கோ நின்றுவிட்டது. வெள்ளைத் தொப்பி, முழங்கை வரை மடித்த சேர்ட், சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ ட்ரைவர். கண்டி டவுனில் இருக்கும் ஒரு முன்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது தொழில். என் மகள் ஆரணி இரண்டு வருடம் அந்த வேனில்தான் போய் வந்தாள்.

வேனுக்குள், தன் ஆசனத்துக்குப் பின்னால் உள்ள பக்கச் சுவரில் நான்கு ஸ்க்ரூ போட்டு ஒரு கேக் தட்டை இறுக்கியிருந்தார். அதில் பதினான்கு சின்ன அட்டைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு காந்தத் துண்டு. யானை, மீன், முயல், குடை, சைக்கிள், பலாப்பழம், கத்தரிக்காய் என்று ஏழு படங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு. படம் தெரியாமல் கவிழ்த்து ஒட்டியிருக்கும். ஒரு பிள்ளை எழுந்து இரண்டு அட்டைகளைத் திருப்பும். இரண்டிலும் ஒரே படம் என்றால் சோடி, அது அந்தப் பிள்ளைக்கு. இல்லாவிட்டால் இருந்த இடத்திலேயே கவிழ்த்துவிட வேண்டும். எது எங்கே இருந்தது என்று ஞாபகம் வைத்திருப்பவர் வெல்வார். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: வேன் நின்று, ஹேன்ட் பிரேக் இழுத்த பிறகுதான் அட்டையில் கை வைக்கலாம். கண்டியில் வேன் நிற்பதற்குக் குறைவில்லை என்பதால் விளையாட்டுக்கும் குறைவில்லை.

அந்தத் தட்டு அவருடைய மனைவியுடையது. பெருநாளைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்த அம்மா வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடியிருக்கிறார். "வேன்ல ஈக்கிது, கழட்டினா ஸ்க்ரூ ஓட்டை பெருத்துப் போகும்" என்று இவர் சொல்லிவிட்டார். அந்த வருடம் அவர்கள் வீட்டுக் கேக் சோற்றுச் சட்டியின் வடிவத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது. படங்களையும் பக்கட்டுகளிலிருந்தே வெட்டினார். சோடி வேண்டுமே, அதனால் பிஸ்கட் என்றாலும் சவர்க்காரம் என்றாலும் இரண்டு பக்கட். யானைக்காக அவர்கள் வீட்டில் அரை வருடத்துக்குத் தேவையான நெருப்புப்பெட்டி சேர்ந்துவிட்டதாகக் கேள்வி.

நானாவும் விளையாடுவார். அதுதான் விசேஷம். தட்டு அவருடைய முதுகுப் பக்கம் இருந்தது, திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் சத்தம் போடுவார்கள். அதனால் அவர் காதாலேயே விளையாடினார். "முயல் மேல் வரிசையில ரெண்டாவது" என்று பிள்ளைகள் கத்துவதை எல்லாம் மனதில் எழுதிக்கொண்டு, தன் முறை வந்ததும் முன் கண்ணாடிக்கு நேரே பார்த்தபடி, "மேல ரெண்டு, கீழ அஞ்சு, திருப்புங்க" என்பார். பெரும்பாலும் சோடிதான்.

நாலு வயதுப் பிள்ளை என்று விட்டுக்கொடுக்கும் பழக்கம் அவரிடம் கிடையாது. வென்றால் ஒரு தடவை ஹோர்ன் அடிப்பார். தோற்றால், டவுனுக்கு முன்னால் வரும் மஹய்யாவ வரை பேசமாட்டார். ஒருநாள் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துத் தட்டைக் களவாகப் பார்த்திருக்கிறார். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும் என்பதை மறந்துவிட்டார். தொடர்ந்து ஆறு தடவை பிழையாகப் போனது. ஆறாவது தடவைதான் என் மகள் கண்டுபிடித்தாள். அதன்பிறகு விளையாட்டுத் தொடங்குமுன் கண்ணாடிக்கு மேலே அவருடைய தொப்பியைக் கழற்றித் தொங்கவிட வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. அவர் மறுபேச்சில்லாமல் கட்டுப்பட்டார்.

பிள்ளைகளின் பெயர்கள் அவர் மண்டையில் தங்கவே தங்காது. அதனால் ஆளுக்கொரு படம் கொடுத்துவிட்டார். இரண்டு பிள்ளைக்கு ஒரு படம். என் மகள் கத்தரிக்காய். முதல் நாள் காலை எங்கள் வாசலில் நின்று, "கத்தரிக்கா ரெடியா?" என்று அவர் கேட்டபோது, மரக்கறி விற்க வந்தவர் என்று நினைத்து, "இன்னிக்கு வேணாங்க" என்று நான் கதவைச் சாத்திவிட்டேன்.

நான் கலஹாத் தேயிலைத் தோட்டப் பக்கத்துக்காரி. கணவர் யாழ்ப்பாணம், வீட்டிலேயே பின்னேரங்களில் கணித வகுப்பு நடத்துகிறவர். மகள் எந்தத் தமிழ் பேசுவாள் என்று எங்களுக்குள் ஒரு பனிப்போர் நடந்துகொண்டிருந்தது. ஆறு மாதத்தில் நானா இருவரையும் வென்றுவிட்டார். நான் லீவில் நின்ற ஒரு மதியம் அவள் பையைக் கழற்றி எறிந்துவிட்டு, அப்படியே நானாவின் தமிழில், "உம்மோ, சரியான பசி ஈக்கிது" என்றாள். பின்னேர வகுப்புக்குப் பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் கணவர் சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேறு எங்கோ பார்த்தேன்.

அவள் ஐந்து வயதில் நானாவை முதன்முறை முழுதாகத் தோற்கடித்தாள். ஏழு சோடியில் ஐந்து அவளுக்கு. அது வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை எட்டு மணிக்கு எங்கள் வாசலில் வேன் வந்து நின்றது. வீட்டில் உடுக்கும் சாரத்தோடு நானா இறங்கினார்.

"மகள் ஈக்கிறாவா தங்கச்சி?"

"இருக்கா. என்ன நானா, ஏதும் அவசரமா?"

"அவசரம் ஒண்டும் இல்ல. ஒரு கேம் மட்டும்."

கேற்றடியில் நின்ற வேனுக்குள் இருவரும் முக்கால் மணி நேரம் விளையாடினார்கள். மகள் மறுபடியும் வென்றாள். அவர் தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோளாறு பிறகுதான் தொடங்கியது. நடுவில் நிறுத்திய விளையாட்டை முடிக்காமல் பிள்ளைகள் வேனை விட்டு இறங்க மறுத்தார்கள். பள்ளி வாசலில் வேன் நின்றிருக்கும், மணி அடிக்கும், உள்ளே இன்னும் இரண்டு சோடி பாக்கி இருக்கும். ஒரே வாரத்தில் மூன்று நாள் பிந்திப்போனார்கள். தாய்மாரின் வாட்ஸ்அப் குழு கொதித்தது. கடிதம் எழுதத் தெரிந்தவள் என்று என்னைப் பிடித்தார்கள். காப்புறுதிக் கந்தோர் வேலையில் பத்து வருடம் மறுப்புக் கடிதமே எழுதிப் பழகிய கை. "மேற்படி விளையாட்டு உடனடியாக நிறுத்தப்பட வேண்டும்" என்று எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன்.

என் கணவர் முதல்நாளே சொல்லிப் பார்த்தார். "விடுமப்பா. பிள்ளை சந்தோசமா வாறாள். அந்த மனுசன் ஒரு பிழையும் செய்யேல்ல."

நான் கேட்கவில்லை.

நானா கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்து, என் கண் முன்னாலேயே தட்டைக் கழற்றிச் சீற்றுக்கு அடியில் வைத்தார்.

"சரி தங்கச்சி. வெளாட்டு வேணாம். காட் மட்டும் ஈக்கட்டும்."

"விளையாட்டு இல்லாம எதுக்கு நானா காட்?"

"அது எனக்கு வேணும்."

அட்டைகளை அவர் எதற்கு வைத்திருந்தார் என்பது எங்களில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. காலையில் பள்ளியில் இறங்கும்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் அதன் படத்தைக் கொடுப்பார். பிள்ளை அதைப் பையில் வைத்திருந்து, மதியம் வேனில் ஏறும்போது அவர் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். யாராவது வராத நாளில் அந்தப் பிள்ளையின் அட்டையைத் தன்னிடமே வைத்திருப்பார். ஏழு சோடியும் சேர்ந்த பிறகுதான் வேன் கிளம்பும். இதையும் ஒரு கிறுக்கு என்றுதான் நினைத்தோம்.

தட்டு இல்லாத இரண்டு வாரமும் அந்த வேன் சாவு வீட்டுக்குப் போகிற வேன் மாதிரி போய்வந்தது. நெரிசலில் நின்றால் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கிள்ளினார்கள். இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். ஆனால் நேரத்துக்குப் போனார்கள். குழுவில் எனக்கு நிறையக் கட்டைவிரல்கள் வந்தன.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த இரண்டு நாளும் வார விடுமுறை, திங்கள் போயா என்ற பௌர்ணமி விடுமுறை. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் பழுதாகி, திருத்துகிறவர் பன்னிரண்டரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். கணவர் கொழும்புக்குப் போயிருந்தார். நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு, மகளோடு வேனிலேயே போய்விடலாம் என்று பள்ளி வாசலுக்குப் போனேன்.

பிள்ளைகள் ஏறினார்கள். நானா கதவடியில் நின்று அட்டைகளை வாங்கிக் கையில் சோடி சோடியாக அடுக்கினார். மற்ற வேன்கள் எல்லாம் போய்விட்டன. டீச்சர்மாரும் போய்விட்டார்கள். காவலாளி கட்டடத்தின் பெரிய கதவுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு கார் ஹோர்ன் அடித்தது.

"ஒரு மீன் கொறயுது" என்றார் நானா.

"காட்டைத் தொலைச்சிருப்பாங்க நானா. பிள்ளைங்க எல்லாம் சரியா இருக்காங்க." நான் எழுந்து நின்று ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். "பதினாலு. யாரும் இன்னிக்கு வராம இல்லையே?"

"எல்லாரும் வந்த. காலையில பதினாலு காட்டும் குடுத்த."

"அப்ப பதினாலு தலை இருக்குல்ல. கிளம்புங்க."

"தல சரி தங்கச்சி. மீன் சரியில்ல."

பின்னால் இரண்டாவது கார் சேர்ந்துகொண்டது. மணி பன்னிரண்டு ஐந்து. "நானா, தயவுசெஞ்சு. எனக்கு வீட்டுல ஆள் வந்து நிப்பாரு. ஒரு துண்டு காட்போட்டுக்காக..." என்று தொடங்கினேன். அவர் வேன் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். பிறகு உள்ளே ஏறி ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். கடைசிச் சீற்றில், பையைக் கட்டிப்பிடித்தபடி ஒரு பையன் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தான்.

"நீங்க யாரு மகன்?"

என் மகள்தான் சொன்னாள். "அவன் மத்த வேன் நானா. வெளாட வந்தீக்கிறான்."

நானா தண்ணீர்ப் போத்தல் நிரப்பப் போன நேரத்தில் ஏறி ஒளிந்திருக்கிறான். எங்கள் வேனில் ஒரு விளையாட்டு இருக்கிறது என்று கேள்விப்பட்டவனுக்கு, அது நிறுத்தப்பட்ட செய்தி எட்டவில்லை. நான் எண்ணிய பதினாலாவது தலை அவனுடையது.

எனக்கு ஃப்ரிட்ஜ் மறந்துபோய்விட்டது. நானா இறங்கி ஓடினார். பிள்ளைகளை வேனை விட்டு அசையக்கூடாது என்று சொல்லிவிட்டு நான் கதவடியில் நின்றேன். அவர் காவலாளியின் கையைப் பிடித்து, பெயர் தெரியாத பதற்றத்தில், வாயில் வந்த சிங்களத்தில் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"எக மாளுவெக் அடுய்."

ஒரு மீன் குறைகிறதாம். காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். இங்கே மீன் கிடையாது ஐயா, மார்க்கெட்டில் போய்ப் பாருங்கள் என்று அவரும் சிங்களத்தில் மரியாதையாகத்தான் சொன்னார். நானா சாவியை அவர் கையிலிருந்து பறித்துக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே போனார்.

"மீனு, எங்க ஈக்கிறீங்க மகன்? மீனு."

வகுப்பறை, மேடை, பொம்மை அலுமாரி. பிறகு சத்தம் நின்றுவிட்டது. நான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீண்ட இரண்டு நிமிடங்களை நான் அறியேன்.

கழிவறைக் கதவுக்குள்ளே கொண்டி இறுகி நின்றிருக்கிறது. அஸாம் என்ற அந்த நாலு வயதுப் பையன் வேனிலேயே யாரோடும் பேசாதவன். டீச்சர்மார் போகும்போதும் அவன் குரல் கொடுக்கவில்லை. உள்ளே இருந்தபடி ஒரு வார்த்தைதான் சொன்னானாம்: "நானா." அவர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, "பயப்பட வேணாம், நான் இங்கதான் ஈக்கிற" என்று பேசிக்கொண்டே ஸ்க்ரூ ட்ரைவரால் கீல்களைக் கழற்றியிருக்கிறார். காவலாளி கதவைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்.

நானா அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பையனின் சேர்ட் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் அட்டை இருந்தது, ஓரம் மடங்கிப்போய். அதை வாங்கி மற்ற மீனுக்குப் பக்கத்தில் வைத்த பிறகுதான் நானா சாரதி ஆசனத்தில் உட்கார்ந்தார். ஆனால் வேனை எடுக்கவில்லை. தண்ணீர்ப் போத்தலைத் தேடி எடுத்தார்.

அவ்வளவு நேரம் கழித்து மற்ற வேன் திரும்பி வந்தது. வழியில் எங்கோதான் ஆள் குறைவதைக் கண்டிருக்கிறார்கள். ஒளிந்து வந்த பையன் அழுதுகொண்டே இறங்கிப் போனான். விளையாடாமல் போகிறோமே என்ற அழுகை அது.

நானா தண்ணீர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு கேட்டேன். "எண்ணிப் பார்த்தா தெரியுமேன்னு நானும்தான் நெனச்சேன் நானா. நீங்க ஏன் எண்ணுறதே இல்ல?"

"எண்ணினா தலதான் வரும் தங்கச்சி. ஆள் வராது."

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அந்த ஸ்க்ரூ ட்ரைவரைக் கொஞ்சம் தாங்க" என்றேன்.

சீற்றுக்கு அடியிலிருந்து கேக் தட்டை இழுத்தெடுத்து, கந்தோர்ச் சேலையோடு வேனின் நடுவே முழங்காலில் நின்று, நான்கு ஸ்க்ரூவையும் நானே இறுக்கினேன். மூன்றாவது கோணலாகப் போனது. பிள்ளைகள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டு அசையாமல் நின்றதும் அவர்கள் போட்ட சத்தத்தில் காவலாளி மறுபடி கேற்றுக்கு ஓடி வந்தார். அன்று பாலத்தடியில் இருபது நிமிட நெரிசல். நானும் விளையாடினேன். எனக்கு ஒரு சோடியும் கிடைக்கவில்லை. அஸாம் நான்கு எடுத்தான். ஃப்ரிட்ஜ்காரர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். திங்கள் போயாவுக்கு வாங்கி வைத்த மரக்கறி எல்லாம் வாடிப்போனது. குழுவில் நான் நடந்ததை எழுதினேன். பிள்ளைகள் பிந்தாமல் இருக்க வேன் கால்மணி முந்திக் கிளம்புவது என்று அரை மணி நேரத்தில் முடிவானது. அவ்வளவு எளிதான விஷயத்துக்கு நான் ஒரு முழுப் பக்கக் கடிதம் எழுதியிருந்தேன்.

இந்த வருடம் ஆரணி முதலாம் வகுப்பு. பேராதனைப் பக்கம் ஒரு பாடசாலை கிடைத்தது. அது நானாவின் வழி இல்லை. வேறு வேன் பிடித்தோம். சொல்லப் போனபோது நானா ரொம்ப நேரம் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "புது வேன்காரர் என்னா மாதிரி ஆள்?" என்று மட்டும் கேட்டார். நல்ல பையன் என்றேன். "பையனா?" என்றார்.

புது வேனில் போன முதல்நாள் நான் லீவு. மதியம் மகள் வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "நானாட வேன் எங்கட வேனுக்குப் பின்னாலயே வந்துச்சு அம்மா. ஸ்கூல் வரைக்கும். உள்ள எல்லாரும் ஈந்தாங்க. கை காட்டினாங்க."

கட்டுகஸ்தோட்டையிலிருந்து டவுனுக்குப் போக வேண்டிய வேன், டவுனைத் தாண்டி, பிள்ளைகள் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு பேராதனைக்குப் போயிருக்கிறது. நான் உடனே ஃபோன் எடுத்தேன்.

"நானா, காலையில பேராதனைப் பக்கம் போனீங்களா?"

"டயருக்குக் காத்து அடிக்கப் போன."

"காத்தடிக்கப் பேராதனைக்கா?"

"அங்கத்த காத்து நல்லம் தங்கச்சி."

எனக்கு உடன்பிறந்த அண்ணன் கிடையாது. இருந்திருந்தால் இப்படித்தான் பொய் சொல்லியிருப்பார்.